பதினொரு நூல்கள், ஒரே சாட்சி

சென்ற மாதம் ஒரு பின்னிரவில் தொலைபேசி ஒலித்தது. அகால வேளையில் அழைப்பு வந்தால் நெஞ்சு திடுக்கிடும் பழக்கம் எங்கள் தலைமுறையை விட்டு இன்னும் போகவில்லை. நல்லவேளையாக, துக்கச் செய்தி எதுவும் இல்லை. மறுமுனையில் பேசியவர் ரொறன்ரோவில் வாழும் ஓர் இளைஞர். ஆரையம்பதியைப் பூர்வீகமாகக் கொண்டவர். அங்குள்ள ஊரவர்கள் சேர்ந்து ஊர் வரலாற்று மலர் ஒன்று வெளியிட இருக்கிறார்களாம். அதைத் தொகுக்கும் பொறுப்பு அவருடையது.

“ஐயா, ஒரேயொரு சந்தேகம். உலகநாச்சி மண்முனைக்கு வந்தது கி.பி. 4ஆம் நூற்றாண்டு எண்டு எழுதலாந்தானே?”

“எதை வெச்சு எழுதப் போறீங்க, மகன்?”

“பதினொரு இடத்துல இரிக்கு ஐயா. புத்தகம், கோயில் மலர், பேப்பர்க் கட்டுரை, எல்லாம் அச்சுல வந்தது. எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி வெச்சிரிக்கன்.”

அனுப்பி வையுங்கள் என்றேன். மறுநாள் மின்னஞ்சலில் பதினொன்றும் வந்து சேர்ந்தன. இரண்டு இரவுகள் அவற்றை வாசித்தேன். பதினோராவது ஆவணத்தைத் திறந்தபோது எனக்கு வியர்த்தது. அது பல ஆண்டுகளுக்கு முன் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு வாரமலரில் வெளிவந்த கட்டுரை. எழுதியவன் அடியேன்.

அந்தக் கட்டுரை எப்படி எழுதப்பட்டது என்பதை நானறிவேன். விளம்பரம் ஒன்று வராமற் போனதால் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மாலை ஆறு மணிக்குள் நிரப்ப வேண்டும். கையில் இருந்த ஒரே நூலைப் புரட்டி, நினைவில் இருந்தவற்றையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். அந்த அரைப் பக்கம்தான் இன்று கடல் கடந்து போய் ஒரு வரலாற்று மலருக்கு ‘ஆதாரம்’ ஆக நிற்கின்றது. இந்த வெட்கமே இப்பதிவுக்குக் காரணம்.

மட்டக்களப்பை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே சென்றால் காத்தான்குடியை அடுத்து வரும் ஊர் ஆரையம்பதி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. முதியோர் வாயில் அது இன்றும் ஆரைப்பற்றைதான். நான்கு இலைகள் கொண்ட ஆரைக்கீரை பற்றையாக வளர்ந்திருந்த இடம் என்பது ஊரார் சொல்லும் பெயர்க்காரணம். ஊர் அமைந்திருக்கும் பிரிவின் பெயர் மண்முனைப்பற்று. ஊருக்குத் தெற்கே, வாவிக்கரையில் மண்முனைத் துறை. முன்னர் அங்கே படகுப் பாதையேறித்தான் படுவான்கரைக்கும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கும் போக வேண்டும். 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின் அந்தக் காத்திருப்பு முடிந்துபோயிற்று.

இந்த மண்முனையை ஆண்டவளாகச் சொல்லப்படுபவளே உலகநாச்சி. கலிங்க தேசத்து இளவரசி; சகோதரன் உலகநாதனுடன் இலங்கைக்கு வந்தவள்; புத்தரின் தசனத்தையும் சிவலிங்கம் ஒன்றையும் கொண்டுவந்தவள்; அதற்குக் கைம்மாறாக மண்முனைப் பிரதேசத்தைப் பெற்றவள். மட்டக்களப்பு மான்மியம் தரும் கதை இது. வித்துவான் எஃப்.எக்ஸ்.சி. நடராசா ஏட்டுப் பிரதிகளிலிருந்து அதனை 1962இல் அச்சேற்றினார். அவர் அதைச் செய்யாது விட்டிருந்தால் எங்கள் பிரதேசத்தின் நினைவுகளிற் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கும். அந்தக் கடனை நாம் மறத்தலாகாது.

இனி அந்தப் பதினொன்றுக்கு வருவோம். இளைஞர் அனுப்பியவற்றைக் கால வரிசையில் அடுக்கினேன். ஒவ்வொன்றும் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று தேடினேன். மூன்று நூல்கள் நேரே மான்மியத்தைச் சுட்டின. கும்பாபிஷேக மலர்கள் இரண்டு அந்த நூல்களில் ஒன்றைச் சுட்டின. பாடசாலை மலரொன்று கும்பாபிஷேக மலரைப் பெயர் சொல்லாமல் அப்படியே எடுத்தாண்டிருந்தது. எழுத்துப்பிழை கூட மாறவில்லை என்பதாற் கண்டுகொண்டேன். ஏனைய கட்டுரைகள் இவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து பிறந்தவை. என்னுடையது நேரே மான்மியத்திலிருந்து. ஆக, பதினொரு நூல்கள், சாட்சி ஒன்றே. பத்து வாய்கள் ஒரு வாய் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் பத்துச் சாட்சிகள் ஆகிவிடுமா? நீதிமன்றச் செய்தி எழுதப் பழகிய எந்த நிருபரும் இதற்கு விடை சொல்வார்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் கண்டேன். முதல் நூலில் “மான்மியம் கூறும்” என்று இருந்தது. அடுத்ததில் அது “என்பர்” ஆயிற்று. அதற்கடுத்ததில் “என்பது வரலாறு” ஆயிற்று. கடைசியில் எந்த வாலும் இன்றி, “கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உலகநாச்சி மண்முனையை ஆண்டாள்” என்று நிற்கின்றது. தகவல் மாறவில்லை. அதன் கழுத்தில் தொங்கிய சீட்டு மட்டும் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துபோயிற்று. அந்தச் சீட்டைக் கடைசியாகக் கிழித்தவர்களுள் நானும் ஒருவன். இடம் போதாதென்று “மான்மியம் கூறும்” என்ற இரண்டு சொற்களை வெட்டியதாக நினைவு.

சரி, அந்த ஒற்றைச் சாட்சி என்னதான் சொல்கிறது? நான்காம் நூற்றாண்டு என்ற கணக்குக்குத் தாங்குகாலாக நிற்பது மேகவர்ணன் என்ற அரசனின் பெயர். கீர்த்திசிறீ மேகவர்ணன் காலத்தில் புத்தரின் தந்ததாது கலிங்கத்திலிருந்து வந்தது என்பது பௌத்த மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாளிக் காவியமாகிய தாதாவம்சம் அதை விரிவாகப் பாடுகிறது. அதிலே இளவரசியின் பெயர் ஹேமமாலா. உடன் வந்தவன் அவள் கணவன் தந்தகுமாரன். தாதுவைக் கூந்தலில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். கலிங்கம், இளவரசி, தசனம், மேகவர்ணன் என்று இரு கதைகளின் எலும்புக்கூடும் ஒன்றே. எங்கள் கதையில் கணவனுக்குப் பதில் சகோதரன். தசனத்தோடு ஒரு சிவலிங்கம்.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. இரு மரபுகளும் ஒரே நிகழ்ச்சியைத் தனித்தனியே நினைவு வைத்திருந்தனவா? அல்லது ஒன்று மற்றதைக் கேட்டுத் தன் மண்ணுக்கேற்ப மாற்றிக்கொண்டதா? முதலாவதாயின் எங்கள் கணக்குக்கு வலு உண்டு. இரண்டாவதாயின் அந்த நூற்றாண்டு எங்களுடையதன்று, இரவல் வாங்கியது. இரண்டில் எது என்பதை இன்று கையில் உள்ளவற்றை வைத்துத் தீர்ப்பதற்கில்லை. தீர்க்க முடியாத ஒன்றைத் தீர்ந்ததாக எழுதியதே என் பிழை.

எங்கள் பகுதியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. தமிழகத்து வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டிலே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டிய சாசனம். எங்கள் கிழக்கிலோ ஏட்டில் எழுதி, திருவிழாக் காலங்களில் ஓதப்படும் கோயில் வரலாற்றுப் பாடலுக்கும் ‘கல்வெட்டு’ என்றே பெயர். கவிராச வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு கல்லில் இல்லை. அது ஒரு செய்யுள் நூல். யாழ்ப்பாணத்திலோ இறந்தவர் நினைவாக அந்தியேட்டியன்று அச்சடித்துக் கொடுக்கும் பிரசுரமும் கல்வெட்டுத்தான். ஆகவே “இதற்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டு” என்று மட்டக்களப்பு நூலொன்று சொல்லும்போது, சென்னையில் இருந்து வாசிக்கும் ஆய்வு மாணவர் மனக்கண்ணில் ஒரு பாறையைக் காண்கிறார். திருக்கோவிலில் விசயபாகு பெயர் பொறித்த தமிழ்ச் சாசனம் இருக்கிறது. அது மெய்யாகவே கல். ஏட்டுக் கல்வெட்டையும் அதனையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது தகாது.

ஊர்ப்பெயர்ச் சான்றும் இப்படிப்பட்டதே. முக்குவரும் பட்டாணியரும் சேர்ந்து திமிலரைத் துரத்தினர் என்றொரு கதை மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரியும். சத்துருவை வென்ற இடம் சத்துருக்கொண்டான், வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை, சந்தித்த இடம் சந்திவெளி என்று அதற்கு ஊர்களைச் சாட்சிக்கு அழைப்பார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கதை உண்மை என்பதற்கு ஊர்ப்பெயர் சான்று. ஊர்ப்பெயருக்கு அப்படிப் பொருள் என்பதற்குக் கதை சான்று! இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். ஒருவர் விலகினால் இருவரும் விழுவர்.

அப்படியானால் மான்மியத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? இங்கேதான் நான் சில நண்பர்களோடு மாறுபடுகிறேன். “அது கட்டுக்கதை, மேற்கோளுக்கு உதவாது” என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவோர் இருக்கிறார்கள். ‘நம்பகமான நூல்’, ‘நம்பகமற்ற நூல்’ என்று இரு பெட்டிகள் வைத்து எல்லாவற்றையும் அவற்றுள் போட்டுவிட முடியும் என்பது அவர்கள் எண்ணம். எந்த நூலும் எல்லாவற்றுக்கும் சாட்சியாகாது. எந்த நூலும் எதற்குமே சாட்சியாகாமற் போவதுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி, இது எதற்குச் சாட்சி என்பதே.

நான்காம் நூற்றாண்டுக்கு மான்மியம் பலவீனமான சாட்சி. ஆனால் தாய்வழிக் குடிகள் எவை, தேசத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த வரிசை, எந்தக் கடமை என்று அது சொல்லும்போது, ஏட்டை எழுதியவர்கள் தாம் கண்டும் வாழ்ந்தும் பழகியதைச் சொல்கிறார்கள். மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட தமது பெருநூலில் அக்கரைப்பற்றுப் பகுதியின் குடி முறையை ஆராயும்போது இந்த மரபையும் பொருட்படுத்தினார். அவர் அதை நம்பிவிடவுமில்லை; ஒதுக்கிவிடவுமில்லை. களத்தில் கண்டதோடு ஒப்பிட்டார். போர்த்துக்கீசர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததும் ஐரோப்பியப் பதிவேடுகளில் உள்ளவை. ஏடுகள் அக்காலத்தைப் பேசும் இடங்களை அவற்றோடு உரசிப் பார்க்கலாம். உரசிப் பார்க்க வழியுள்ள இடத்தில் அதைச் செய்யாமல் எழுதுவது சோம்பல். வழியில்லாத இடத்தில் “ஏடு சொல்கிறது” என்று எழுதிவிட்டு நிற்பது நேர்மை.

உரசிப் பார்ப்பதில் ஒரு நல்ல உதாரணம் மாகோன். 1215இல் படையெடுத்து வந்து 1236 வரை பொலன்னறுவையில் இருந்து ஆண்ட கலிங்க மாகனைச் சூளவம்சம் கொடியவன் என்று பழிக்கிறது. விகாரைகளைச் சூறையாடியவன் என்கிறது. எங்கள் ஏடுகளோ அவனைக் கோயில்களுக்கு முறைமை வகுத்த பெருமகனாகப் போற்றுகின்றன. ஒன்று பகைவன் வாக்கு, மற்றது அபிமானியின் வாக்கு. இரண்டையுமே அப்படியே நம்பலாகாது. ஆனால் பகைவனும் அபிமானியும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுண்டு: அப்படி ஒருவன் இருந்தான், கலிங்கத் தொடர்புடையவன், வலிமையோடு ஆண்டான். ஒருவரையொருவர் பார்த்தெழுத எந்தத் தேவையும் இல்லாத இருவர் ஒத்துச் சொல்வதே வரலாற்றில் பெறுமதி மிக்க சாட்சி. என் முன்னே இருந்த பதினொரு தாள்களில் இல்லாமற் போனது அதுதான்.

“இவ்வளவு பார்க்க வேண்டுமா? ஊர் மலர்தானே” என்று வாசகர் கேட்கலாம். எங்கள் மண்ணில் ஊர் மலர் வெறும் மலராக இருப்பதில்லை. கோயிற் சபைக் கூட்டங்களில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்ற சச்சரவு எழும்போது, பழைய நூலின் பக்கத்தை விரித்து மேசையில் அறைந்ததை நிருபனாக இருந்து பார்த்திருக்கிறேன். ஊர் எல்லை, காணி, குளம் என்று தமிழரும் முஸ்லிம்களும் முரண்படும்போதும் இரு தரப்பிலும் யாரேனும் ஒரு நூலோடு வருவார்கள். மகாவம்சத்தைக் காணி உறுதியாக நீட்டுவோரைக் கண்டு நாம் சினக்கிறோம், நியாயமே. நமது ஏட்டை அவ்வாறே நீட்டும்போது அந்த நியாயம் எங்கே போய்விடுகிறது?

பழங்கதையில் மட்டுமா இது? சுனாமியை எடுத்துக்கொள்வோம். 2004 டிசெம்பர் 26இன் பின் சில வாரங்கள் நான் செய்தி மேசையில் இருந்தேன். 2005 ஜனவரியில் அரசின் இரு அலுவலகங்களிலிருந்து இரண்டு மரண எண்ணிக்கைகள் வந்தன. ஒன்று முப்பத்தெட்டாயிரத்துக்கு மேல். மற்றது முப்பத்தோராயிரத்துக்குக் கீழ். ஏழாயிரம் மனித உயிர்கள் ஒரு தாளில் இருக்கின்றன, மறு தாளில் இல்லை! இரண்டும் அரச முத்திரையோடு வந்தவை. ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணியிருக்கலாம்; காணாமற் போனோரை ஒருவர் சேர்த்து மற்றவர் சேர்க்காது விட்டிருக்கலாம். இன்று பல நூல்கள் 35,322 என்ற கணக்கைத் தருகின்றன. இலக்கம் துல்லியமாக இருக்கும்போது மனம் எளிதில் நம்பிவிடுகிறது. துல்லியம் வேறு, உண்மை வேறு என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த ஜனவரியிற்றான்.

இன்னொன்றையும் சொல்லாது போனால் இப்பதிவும் நம்பத்தகாத ஒன்றாகிவிடும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, ஆரையம்பதிக்கு அயலிலே, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே செய்தனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிவு, அவர்கள் மறுத்தனர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள், குழந்தைகள் உட்பட, இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். முதலாவதற்கு அச்சில் வந்த எண்ணிக்கைகள் 103 முதல் 147 வரை வேறுபடுகின்றன. இரண்டாவதற்குப் பெரும்பாலும் 184 என்று காண்கிறோம். எண்ணிக்கைகளைப் பற்றி வாதிடலாம். என்னை உறுத்துவது வேறு. நம்மவர் எழுதிய பல நூல்களில் முதலாவது இல்லை. அயலவர் எழுதிய பலவற்றில் இரண்டாவது இல்லை. இரு நூல்களிலும் ஒரு பொய்யான வரியேனும் இல்லாதிருக்கலாம். ஆயினும் பாதி ஆண்டை மட்டும் எழுதிய நூலை நம்பகமான நூல் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஒரு நூலை எடைபோடும்போது அதில் இருப்பதை மட்டும் பார்த்தாற் போதாது. இருக்க வேண்டியது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மறுபுறத்தில் ஒரு நியாயமும் உண்டு. “அச்சில் வந்தாற்றான் ஆதாரம்” என்று விதித்துவிட்டால் ஆரையம்பதி போன்ற ஊர்களுக்கு வரலாறே இல்லாமற் போய்விடும். அச்சுக்கூடம் எங்களிடம் பிந்தி வந்தது. ஆள்வோரின் அறிக்கைகள் அச்சாயின. ஆளப்பட்டோரின் நினைவுகள் பாட்டாகவும் ஏடாகவும் நின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏடுகளும் சாம்பலாயின. போரும் வெள்ளமும் கறையானும் கிழக்கிலே தின்றவற்றுக்குக் கணக்கில்லை. அச்சில் இல்லை என்பதற்காக ஒரு மூதாட்டியின் வாய்மொழியைத் தள்ளிவிடுவது, அச்சில் இருக்கிறது என்பதற்காக என் அரைப் பக்கத்தை ஏற்றுக்கொள்வதைப் போன்ற பிழையே. அச்சு ஒரு பாதுகாப்புப் பெட்டகம். உள்ளே வைத்தது தங்கமா பித்தளையா என்று அதற்குத் தெரியாது.

நல்லவேளையாக இன்று சரிபார்ப்பது எளிதாகியிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் பல்லாயிரம் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே 2005இல் சா.இ. கமலநாதனும் கமலா கமலநாதனும் மட்டக்களப்புப் பூர்வ சரித்திரத்தைப் பதிப்பித்தனர். அதையும் 1962ஆம் ஆண்டுப் பதிப்பையும் பக்கத்தில் பக்கமாக வைத்து வாசிக்கலாம். எங்கே பாடம் வேறுபடுகிறது என்று பார்த்தாலே, ‘மான்மியம் சொல்கிறது’ என்பதற்குள் எத்தனை கைகள் இருக்கின்றன என்பது விளங்கும்.

இளைஞரை மறுபடி அழைத்தேன். பத்துத் தாள்களை விட்டுவிடுங்கள், மான்மியத்தை மட்டும் சுட்டுங்கள். “மட்டக்களப்பு மான்மியத்தின்படி” என்ற சொற்களை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். தாதாவம்சக் கதையோடு உள்ள ஒற்றுமையை ஒரு வரியிற் சொல்லுங்கள். நூற்றாண்டை உறுதியாக எழுதாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அப்ப நம்மட ஊருக்குப் பழமை இல்லையெண்டு சொல்ற மாதிரி ஆயிடாதா ஐயா?”

அவருடைய குரலில் இருந்த ஏக்கம் எனக்குப் புரிந்தது. பனி பெய்யும் தேசத்தில் பிள்ளைகளை வளர்ப்பவருக்கு, “நாம் ஆயிரத்தறுநூறு வருடத்துக் குடிகள்” என்று சொல்லிக்கொடுக்க ஒரு வரி தேவைப்படுகிறது. அந்த வரியை நான் அல்லவா அன்று ஒன்றரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன்!

“இல்லை மகன்,” என்றேன். “மண்முனைத் துறையில ஒரு பெண் ஆண்டாள் எண்டு இத்தனை தலைமுறையா இந்தச் சனம் சொல்லிக்கொண்டு வந்திருக்கு. தாய்வழியில குடி பார்க்கிற சனம் தன்ர முதல் ஆளாக ஒரு பெண்ணை நினைச்சு வெச்சிருக்கு. அது நிச்சயமான உண்மை, அதை எழுதுங்க. எந்த நூற்றாண்டு எண்டது அதுக்குப் பிறகுதான்.”

அவர் எழுதுவார் என்று நம்புகிறேன். என் பங்குக்கு, அந்த வாரமலர்க் கட்டுரையில் நான் வெட்டிய இரண்டு சொற்களை இங்கே திருப்பி ஒட்டுகிறேன்: மான்மியம் கூறும். இனி அதை மேற்கோள் காட்ட விரும்புவோர் இந்தத் திருத்தத்தையும் சேர்த்தே காட்டுக.